ருசி பார்க்காத தண்ணீர்

கல்முனை வரைக்கும் ரயில் பாதை போட வேண்டும் என்று கேட்டு எங்கள் பக்கத்தில் அவ்வப்போது கூட்டம் நடக்கும். அண்மையில் நடந்த ஒன்றுக்கு என்னையும் அழைத்திருந்தார்கள். ரயில் வராத ஊரில் ரயிலில் வேலை செய்து ஓய்வு பெற்றவன் என்பதைத் தவிர எனக்கு அங்கே வேறு தகுதி இல்லை. மட்டக்களப்பிலிருந்து டீசல் எஞ்சின் ஓட்டும் இளைஞர் ஒருவர் எழுந்து கேட்டார்.

"ஹாஜியார், நீங்க கரி எஞ்சின்ல பயர்மனா இரிந்த எண்டு சொல்றாங்க. ஒரு நாளைக்கு எத்தின சவள் கரி அள்ளிப் போடுவீங்க?"

"ஒரு சவளும் இல்ல" என்றேன். சபை சிரித்தது. நான் பகிடிக்குச் சொல்லவில்லை. நான் வேலைக்குச் சேர்ந்தபோது நீராவி எஞ்சின்களின் கடைசிக் காலம். எங்கள் எஞ்சின் எரித்தது நிலக்கரி அல்ல, கறுத்த உலை எண்ணெய். உலையைப் பார்க்கும் பயர்மனின் கையில் சவளுக்குப் பதிலாக இரண்டு திருகுகள் இருந்தன. ஒன்று எண்ணெயை விடும். மற்றது அந்த எண்ணெயைத் தூவானமாக அடிக்கும் நீராவியை விடும்.

"அப்ப நீராவி எஞ்சினுக்கு முக்கியமான கருவி என்ன?" என்று அவர் விடாமல் கேட்டார்.

"நாக்கு" என்றேன். அதற்குள் அஸர்த் தொழுகைக்குப் பாங்கு சொல்லிவிட்டார்கள். கூட்டம் கலைந்தது. அன்று சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன். ஓய்வுக்குப் பின் சில வருடங்கள் ஒரு நாளிதழுக்கு ஊர்ச் செய்தி அனுப்பியவன் நான். நடந்ததை நடந்த ஒழுங்கில் சொல்வதுதான் எனக்குத் தெரிந்த எழுத்து.

வாப்பாவுக்குச் சம்மாந்துறைக் கண்டத்தில் வயல் இருந்தது. அண்ணன்மாரில் மூத்த காக்கா வயலைப் பார்க்க, இளைய காக்கா கல்முனைச் சந்தையில் கடை போட, மூன்றாவது பிள்ளையான எனக்கு மட்டக்களப்பு எஞ்சின் கொட்டகையில் துடைக்கும் வேலை கிடைத்தது. இரண்டு வருடம் எண்ணெய்ப் பழந்துணியோடு எஞ்சினின் அடியில் படுத்துக் கிடந்தேன். பிறகு ஒரு பரீட்சை. அதன்பின் பயர்மன். என்னை ஒகஸ்டின் டிரைவரோடு போட்டார்கள்.

ஒகஸ்டின் ஐயா மட்டக்களப்புப் பறங்கியர். வீட்டில் போர்த்துக்கீசமும் வெளியில் எங்களைப் போலவே தமிழும் கதைப்பார். அப்போது அவருக்கு ஐம்பது கடந்திருந்தது. எனக்கு இருபத்து மூன்று. ஆனாலும் முதல் நாளிலிருந்து என்னைக் "காக்கா" என்றுதான் கூப்பிட்டார். "என்ன காக்கா, இளந்தாரிக் காக்கா, எண்ணெய்க்கு வழி விடுங்க" என்பார். ஏச்சு என்றாலும் அந்த மரியாதைச் சொல்லோடுதான் வரும். அது ஏச்சை இன்னும் கூர்மையாக்கும்.

அவர் வேலை பழக்கிய விதம் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. வாயால் பழக்க மாட்டார். நான் புகைபோக்கியைப் பார்க்கிறேனா என்று அவர் என்னைப் பார்ப்பார். எண்ணெய் கூடினால் கரும்புகை. குறைந்தால் புகையே இராது, உள்ளே குளிர் காற்று ஓடும். இரண்டுக்கும் நடுவில், வெயிலில் பிடித்தால்தான் தெரியும் ஒரு மெல்லிய சாம்பல் நிறம் இருக்கிறது. அதை வைத்திருக்க வேண்டும். கரும்புகை விட்டால் அவர் தன் வெள்ளைக் கைக்குட்டையை எடுத்து என் கண் முன்னால் விரித்து, மடித்து, திரும்பச் சட்டைப் பைக்குள் வைப்பார். அவ்வளவுதான். முதல் மாதத்தில் அந்தக் கைக்குட்டையை ஒரு நாளைக்கு இருபது தரம் கண்டேன். ஆறாம் மாதத்தில் ஒரு பயணத்துக்கு ஒரு தரம்.

சில மைலுக்கு ஒருமுறை உலைக் கதவின் சிறு துவாரம் வழியாக ஒரு கிண்ணம் மணலை உள்ளே பிடிப்போம். உலையின் காற்றிழுவை அதை உறிஞ்சிக்கொண்டு போய்க் குழாய்களில் படிந்த கரியைச் சுரண்டி வெளியே துப்பும். கரும்புகைக்கு அப்போது மட்டும் மன்னிப்பு உண்டு. ஆனால் அதை எங்கே செய்வது என்பதிலும் அவருக்கு ஒரு சட்டம் இருந்தது. ஊர் மனைகள் தாண்டிய பின், வயல்வெளியில்தான். "ஆரோ துவைச்சுக் காயப்போட்டிரிப்பாங்க காக்கா."

எல்லாவற்றையும் விட அவர் பிடிவாதமாக இருந்தது தண்ணீரில். கொட்டகையில் அவரைப் பற்றி இருந்த பகிடியும் அதுதான். தண்ணீர் நிரப்பும் ஒவ்வொரு ஸ்டேசனிலும், தொட்டிக்குள் குழாயை இறக்குவதற்கு முன், ஒரு எனாமல் கோப்பையில் பிடித்து வாயில் வைத்து, கன்னத்துக்குக் கன்னம் அசைத்து, துப்புவார். பிறகுதான் "விடு" என்பார். "ஒகஸ்டின் ஐயா எஞ்சினுக்குப் பால் குடுக்க முந்திச் சூடு பாக்கார்" என்று மற்ற டிரைவர்மார் சிரிப்பார்கள்.

காரணம் இருந்தது. எங்கள் பாதையில் சில தண்ணீர்த் தாங்கிகள் கடலோடு சேரும் வாவியின் கரைக் கிணறுகளிலிருந்து நிரம்புகிறவை. மழைக்காலத்தில் நல்ல தண்ணீர். கோடை நீண்டால் கிணற்றில் உவர் ஏறிவிடும். கொஞ்சம் உவரை மனிதன் குடித்துவிடலாம். கொதிகலன் குடிக்காது. கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் போக, உப்பு மிஞ்சும். கடைசியில் உள்ளே சவர்க்காரம் கரைத்தது போல நுரைக்கும். எத்தனை தண்ணீர் இருக்கிறது என்று காட்டும் கண்ணாடிக் குழாயில் நுரையும் தண்ணீராகவே தெரியும். குழாய் நிறைந்திருக்கும், கொதிகலன் வற்றியிருக்கும். உலைக்கு மேலே இருக்கும் செப்புத் தகட்டைத் தண்ணீர் மூடியிருக்க வேண்டும். மூடாவிட்டால் அது சிவந்து, இளகி, விட்டுப்போகும். அப்போது எஞ்சினில் நிற்கும் இரண்டு பேருக்கும் ஓடுவதற்கு நேரம் கிடைக்காது.

அந்த வருடம் நோன்பு கடும் கோடையில் வந்தது. கொட்டகை மேற்பார்வையாளர் ஒரு யோசனை சொன்னார். நோன்பு பிடிக்கிறவர்களை அந்த மாதம் எஞ்சினிலிருந்து இறக்கி, கொட்டகைக்குள் லேசான வேலைக்குப் போடலாம் என்றார். நல்லெண்ணம்தான். எனக்கு அது ஏறவில்லை. "நோன்பால என்ட வேலையில ஒரு குறையும் வராது சேர்" என்று பத்துப் பேருக்கு முன்னால் சொன்னேன். ஒகஸ்டின் ஐயா பக்கத்தில் நின்றார். "அவர் சொன்னா சரி" என்றார்.

பயணிக்கு நோன்பை விட்டுப் பிறகு பிடிக்க அனுமதி உண்டு. எனக்கும் தெரியும். அதை நான் எடுக்கவில்லை. கலியாணம் முடித்து வந்த முதல் நோன்பு. மாமனார் வீட்டில் எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். வீம்பு என்பதைத் தவிர அதற்கு வேறு பெயர் இல்லை.

பாதி நோன்பு குறையில்லாமல் போனது. ஐயா என் முன்னால் தேத்தண்ணி குடிக்கவில்லை. அதைப் பற்றி ஒரு வார்த்தை கதைக்கவும் இல்லை. வண்டி நிற்கும் இடத்தில் போத்தலை எடுத்துக்கொண்டு மறுபக்கம் இறங்கிப் போவார். திரும்பி வந்து வாயைத் துடைப்பார். அவ்வளவுதான்.

அன்று எங்களுக்குக் கலப்பு வண்டி. முன்னால் நெல் ஏற்றிய பெட்டிகள், பின்னால் இரண்டு பயணிகள் பெட்டி, கடைசியில் வண்டிக்குப் பொறுப்பான கார்ட். உச்சி நேரத்துக்குச் சற்று முன் புறப்பட்டோம். ஐயாவுக்கு இரண்டு நாளாகக் கடும் சளி. மூக்கு அடைத்து, கண் சிவந்திருந்தது. வாவிக்கரையில் உள்ள ஒரு ஸ்டேசனில் தண்ணீருக்கு நின்றோம். அதன் பெயர் இங்கே வேண்டாம். ஐயா வழக்கம்போல் கோப்பையில் பிடித்து வாயில் வைத்தார். துப்பினார். இன்னொரு தரம் வைத்தார். தலையை ஆட்டினார்.

"எனக்கு இண்டைக்குச் சீனியும் மண்ணும் ஒண்டுதான் காக்கா. நீங்க ஒருக்கா நாக்கில வச்சுத் துப்புங்க. நோன்புக்கு அது குறையோ?"

நான் கையைப் பழந்துணியில் துடைத்தேன்.

"குறையெண்டாச் சொல்லுங்க. கார்டைக் கூப்பிடுவம். அவருக்கு நாக்கு இரிக்கிதானே, பாதி வண்டி அதாலதான் ஓடுது."

கார்டைக் கூப்பிட்டால் கார்ட் கேட்பார். நாளைக்குக் கொட்டகை முழுக்கத் தெரியும். நோன்புக்காரனால் தண்ணீர் பார்க்கவும் ஏலாது என்று ஆகிவிடும். அந்தப் பத்துப் பேருக்கும் அது போதும். "தேவையில்ல ஐயா, நான் பாக்கன்" என்று கோப்பையை வாங்கினேன். எஞ்சினின் மறுபக்கம் போனேன். தண்ணீரைத் தண்டவாளத்தில் ஊற்றினேன். புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தேன்.

"நல்ல தண்ணி ஐயா."

"விடு" என்றார்.

நாக்கில் வைத்துத் துப்பினால் நோன்பு முறியாது என்று எங்கள் பள்ளிவாசல் மௌலவி பிறகு சொன்னார். சட்டியில் உப்புப் பார்க்கும் பெண்கள் நோன்பு முழுக்க அதைத்தான் செய்கிறார்கள். என் மனைவியும் வீட்டில் ஒவ்வொரு மாலையும் செய்துகொண்டிருந்தாள். அது எனக்குத் தெரியாத சட்டம் இல்லை. அந்த நேரத்தில் நினைத்துப் பார்க்க நான் விரும்பவில்லை.

புனானை தாண்டினால் இரண்டு பக்கமும் காடு. அங்கே வைத்து எனக்கு ஒரு சந்தோஷம் வந்தது. கண்ணாடிக் குழாயில் தண்ணீர் உச்சி வரைக்கும் நின்றது. தண்ணீர் ஏற்றும் கருவியை மூடிவிட்டு, எண்ணெயைச் சற்றுக் கூட்டினேன். நீராவி நன்றாக எழுந்தது. ஐயா தன் பக்கத்து யன்னலில் தலையை வெளியே வைத்திருந்தார். மூக்குத்தான் அடைத்திருந்தது, காது திறந்திருந்தது.

"என்ன சத்தம் இது?"

எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. புகைபோக்கியின் சத்தம் எப்போதும் இருமல் போல வெட்டி வெட்டி வரும். அன்று அது ஈரமாக, வாய் நிறையத் தண்ணீர் வைத்துக்கொண்டு கதைப்பது போல வந்தது என்று பிறகு அவர் விளங்கப்படுத்தினார். அவர் சொல்லி முடிக்கும்போது எங்கள் முன் கண்ணாடியில் அழுக்கு நீர்த் துளிகள் விழுந்தன. வானத்தில் மேகம் இல்லை.

நீராவியை எஞ்சினுக்கு விடும் பிடியை அவர் மெதுவாக மூடினார். மூடியதும் என் கண் முன்னால் கண்ணாடிக் குழாயில் இருந்த தண்ணீர் இறங்கத் தொடங்கியது. பாதிக்கு வந்தது. கால்வாசிக்கு வந்தது. அடி வளையத்துக்குக் கீழே போய் மறைந்தது.

"எண்ணெய மூடு."

என் கை தண்ணீர்க் கருவிக்குப் போனது. வற்றினால் ஊற்ற வேண்டும் என்பது எல்லாருக்கும் முதலில் தோன்றுவது. தகடு ஏற்கனவே காய்ந்திருந்தால் அதுதான் மிகக் கெட்ட செயல்.

"எண்ணெய மூடு எண்டன்!"

அந்த ஒரு தரம் "காக்கா" இல்லை. மூடினேன். உலை அணைந்த சத்தம் இன்றும் என் காதில் இருக்கிறது, ஏனென்றால் அது சத்தமே இல்லை. அவர் காற்றுக் கதவுகளையும் அடைத்தார். உலைக்குள் செங்கல் இன்னும் சிவந்து கிடந்தது. கண்ணாடியின் அடித் திருகைத் திறந்தார். தண்ணீர் வரவில்லை. வெறும் ஆவி வந்தது. வண்டி தன் ஓட்டத்தில் ஓடி, காட்டு நடுவில் நின்றது. அவர் உலைத் துவாரத்தில் கண்ணை வைத்து, தகட்டை நீண்ட நேரம் பார்த்தார். பிறகு நிமிர்ந்தார்.

"நிறம் மாறல்ல. இன்னும் ரெண்டு நிமிசம் போயிரிந்தா மாறியிரிக்கும்."

எண்ணெயில் ஓடும் எஞ்சினை அணைத்தால் தானாகத் திரும்பப் பற்றாது. எண்ணெயைத் தூவ ஆவி வேண்டும், ஆவிக்கு நெருப்பு வேண்டும். இனி வேறு எஞ்சின் வந்து இழுக்க வேண்டும். கார்ட் செய்தி சொல்ல அடுத்த ஸ்டேசனுக்கு நடந்தார். பயணிகள் இறங்கி மரநிழலுக்குப் போனார்கள். ஏறாவூர்க்காரர் ஒருவர் எஞ்சினைச் சுற்றி வந்து என்னைப் பார்த்தார்.

"என்ன தம்பி, எஞ்சினும் நோன்பு பிடிச்சிட்டுதா?"

எல்லாரும் சிரித்தார்கள். ஒகஸ்டின் ஐயாவும் சிரித்தார். "ஓம், இது பேணுதலா நோன்பு பிடிக்கிற எஞ்சின். மஃரிபுக்குப் பிறகுதான் இனிக் கதைக்கும்" என்றார். சிரித்தபடியே எஞ்சினடியில் குந்தி ஒவ்வொரு மூட்டாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். தண்ணீரைப் பற்றி என்னிடம் அவர் கேட்கவே இல்லை. நான் நல்லது என்று சொன்ன பிறகு அந்தக் கேள்வி அவருக்கு முடிந்துபோன கேள்வி. "பொயிலர் கழுவினது சரியில்லப் போல" என்று மட்டும் தனக்குள் சொன்னார்.

மஃரிபு நேரத்தில், சூரியன் மறைந்ததும், பயணிகள் பெட்டியில் இருந்த நோன்பாளிகள் என்னையும் கூப்பிட்டார்கள். ஒரு பேரீச்சம்பழமும் ஒரு மிடறு தண்ணீரும் கிடைத்தன. நோன்பு திறந்த கையோடு எஞ்சினின் தண்ணீர்த் தொட்டி மேல் ஏறினேன். உள்ளங்கையில் அள்ளி வாயில் வைத்தேன். கடல் கரையில் பிறந்தவனுக்கு இரண்டாம் தரம் பார்க்கத் தேவையில்லை. உவர்.

இறங்கி வந்தேன். ஐயா தண்டவாளத்துக் கல்லில் உட்கார்ந்திருந்தார். நான் அவரிடம் சொல்லவில்லை. டீசல் எஞ்சின் வந்து எங்களை மட்டக்களப்புக்கு இழுத்துப்போகும் வரைக்கும் சொல்லவில்லை.

மறுநாள் காலை பத்து மணிக்கு விசாரணை. மேலதிகாரி யாழ்ப்பாணத்தவர், தன் கையாலேயே எழுதிக்கொள்கிறவர். மேசைக்கு இந்தப் பக்கம் நாங்கள் இரண்டு பேர். வாசலில் போட்டிருந்த நீண்ட மர வாங்கில் கொதிகலன் கழுவும் தொழிலாளி கந்தையா அண்ணன் உட்கார்ந்திருந்தார். காரைதீவுக்காரர். கழுவிச் சரி என்று போன வாரம் கையெழுத்து வைத்தவர் அவர். தன் முறைக்காகக் காத்திருந்தார். தொப்பியைச் சுருட்டுவதும் விரிப்பதுமாக இருந்தார்.

ஐயா தன் வாக்குமூலத்தைச் சொன்னார். எந்த மைலில் சத்தம் மாறியது, எப்போது பிடியை மூடினார், கண்ணாடி எத்தனை நேரத்தில் இறங்கியது என்று ஒழுங்காகச் சொன்னார். "தண்ணி நிரப்ப முந்தி ருசி பாத்தது. நல்ல தண்ணி" என்றும் சொன்னார். அதிகாரி எழுதினார்.

"அப்ப பிழை கொதிகலனிலை. கழுவினது ஒழுங்கா இல்லை. அந்தாளிட்டை விளக்கம் கேக்கிறன்" என்றார். ஐயாவைப் பார்த்து, "உமக்கு ஒண்டும் வராது. மூண்டு மாசத்திலை பென்சன். முப்பது வருசத்திலை ஒரு எச்சரிக்கைக் கடிதமும் இல்லை. அது அப்பிடியே இருக்கட்டும்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். முறைக்காகக் கேட்டார். "தண்ணியைப் பாத்தது நீர்தானே?"

யன்னலுக்கு வெளியே அன்றைய கலப்பு வண்டிக்கு எஞ்சின் தயாராகிக்கொண்டிருந்தது. இன்னும் ஒன்றரை மணி நேரத்தில் புறப்பட்டு, அதே ஸ்டேசனில் நின்று, அதே தாங்கியில் தண்ணீர் எடுக்கும். அந்த டிரைவர் தண்ணீரை ருசி பார்க்கிறவர் அல்ல. ஒகஸ்டின் ஐயாவைப் பார்த்துச் சிரிக்கிறவர்.

"இல்ல சேர்" என்றேன். "பாத்த எண்டு சொன்னன். பாக்கல்ல. நோன்பு எண்டு ஊத்திப் போட்டன். பின்னேரம் நோன்பு திறந்தாப் பிறகு பாத்தன். உவர்."

அதிகாரியின் பேனா நின்றது. ஐயா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. மேசையில் இருந்த டெலிபோனை அதிகாரியின் பக்கம் நகர்த்தினார்.

"முதல்ல ஸ்டேசனுக்குச் சொல்லுங்க சேர், தாங்கிய மூடச் சொல்லி. எழுதிறது பிறகு எழுதலாம்."

அதிகாரி டெலிபோனின் கைபிடியைச் சுற்றினார். தாங்கியைப் பூட்டச் சொன்னார். அன்றைய வண்டிக்கு மறு ஸ்டேசனில் தண்ணீர் எடுக்கும்படி கட்டளை எழுதி அனுப்பினார். வாசலில் இருந்த கந்தையா அண்ணனைப் போகச் சொன்னார். போகும்போது அவர் என்னைப் பார்த்த பார்வையை என்னால் நன்றி என்றும் சொல்ல முடியாது, கோபம் என்றும் சொல்ல முடியாது.

நான் என் வாக்குமூலத்தை எழுதிக் கையெழுத்திட்டேன். அதிகாரி தாளை ஐயாவிடம் கொடுத்து, "உம்மடையிலை அந்தத் தண்ணி வரியை மட்டும் திருத்தும். உம்மை ஏமாத்தினது இவன். உம்மிலை பிழை இல்லை" என்றார்.

ஐயா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்த வரியை வெட்டினார். அதோடு நிற்கவில்லை. கீழே எழுதினார். தண்ணீர் பார்ப்பது தன் வேலை என்றும், சளியினால் நாக்கு உதவாத நாளில் அதை நோன்பு பிடித்த பயர்மனிடம் தள்ளியது தன் பிழை என்றும், கார்டைத் தானே கூப்பிட்டிருக்க வேண்டும் என்றும் எழுதினார்.

"இது தேவையில்லை" என்றார் அதிகாரி. "இதை எழுதினா நான் கடிதம் தரவேண்டி வரும். மூண்டு மாசம் பொறுக்கேலாதோ?"

"நடந்தது அதுதானே சேர்" என்று கையெழுத்து வைத்தார்.

அவருக்கு முதலாவதும் கடைசியுமான எச்சரிக்கைக் கடிதம் அன்றே தட்டச்சானது. எனக்கு ஒரு வருடம் திரும்பவும் எஞ்சின் துடைக்கும் வேலை. நாளைக் காலையிலிருந்து என்று அதிகாரி எழுதப் போனபோது ஐயா ஒரு விரலைத் தூக்கினார்.

"சேர், நான் போனாப் பிறகு இவர எங்க வேணுமெண்டாலும் போடுங்க. மூண்டு மாசத்துக்கு எனக்கு இவரத்தான் தரோணும்."

அதிகாரி அவரை ஏற இறங்கப் பார்த்தார். "இவ்வளவுக்குப் பிறகுமோ?"

"இந்தக் காக்கா இனிப் பொய் சொல்ல மாட்டார். புதுசா வாறவன எனக்குத் தெரியாதே."

அதிகாரி சிரிக்காமல் இருக்கப் பார்த்தார், முடியவில்லை. எழுதிய திகதியை வெட்டி மூன்று மாதம் தள்ளிப் போட்டார். மறுநாள் காலை ஆறு மணிக்குக் கொட்டகைப் பலகையில் வேலைப் பட்டியலைப் பார்த்தேன். ஒகஸ்டின் ஐயாவின் பெயருக்கு நேரே என் பெயர் இருந்தது. அவர் ஏற்கனவே எஞ்சினில் ஏறியிருந்தார்.